மார்ஸ்பி நகருக்கு ஒரு சீர்கெட்டவர் தேவை

மார்ஸ்பி நகரசபையின் ஒழுக்கக் காவல் குழு புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடி ஆபாசப் படம் பார்க்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் நன்மைக்காக யாராவது பார்க்கத்தானே வேண்டும்? இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கிற ஊர் அது. வெயில் வந்தாலும் வராவிட்டாலும் கோடையில் கூட்டம் வந்து மொய்க்கும். வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து நடுங்குவார்கள், பொரித்த மீன் தின்பார்கள், ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சித்திரத் தபால் அட்டை எழுதிப் போடுவார்கள். வினை அந்த அட்டையில் இருந்தது. பருத்த பெண்கள், நோஞ்சான் புருஷர்கள், நர்சுகள், பாதிரியார்கள், கீழே இடக்காக ஒரு வரி வசனம்.

குழுவுக்குத் தலைவர் ஆல்டர்மன் ஹோரஸ் பெம்பர். ஆல்டர்மன் என்றால் நகரசபையின் மூத்த உறுப்பினர். பன்றிக்கறி வியாபாரத்தில் பெரிய கை. மேஜையைச் சுற்றி அட்டைகள் கைமாறும். தேநீர் வரும், இஞ்சி பிஸ்கட் வரும். சில அட்டைகள் இரண்டு சுற்று வருவதும் உண்டு, பொறுப்பான முடிவுக்கு ஒரு சுற்று போதாது என்பதால். மிஸ் ஹெஸ்டர் லம்லி என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பிறகு ஓட்டெடுத்து, எதையெல்லாம் எரிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதிப் போடுவார்கள்.

இதற்கெல்லாம் சட்டம் அவர்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தது. 'டிப்ரேவ்' என்பது அந்த வார்த்தை. நம் வாய்க்குச் சீர்கெடுத்தல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படம் எவர் கையில் போய்ச் சேருகிறதோ அவரைச் சீர்கெடுக்கும் என்றால் அதை எரிக்கலாம், விற்றவனைத் தண்டிக்கலாம். வார்த்தைக்குத் திட்டமான அர்த்தம் என்ன என்று மார்ஸ்பியில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாருக்குப் பொருந்தும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அது எப்போதும் இன்னொருவருக்குத்தான் பொருந்தியது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ராணிக்கு முடிசூட்டிய வருஷம் வரைக்கும். அந்தக் கோடையில் கடல்பாலத்து முனையில் பெட்டிக்கடை வைத்திருந்த ஜெஸப் என்பவன், வழக்கு வந்ததும் வழக்கம்போலத் தலையைச் சொறியாமல், லண்டனிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்துவிட்டான். அட்டை அச்சடிக்கும் கம்பெனி செலவு. அந்த வக்கீல் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சீர்கெடுக்கும், சீர்கெடுக்கும்னு சொல்றீங்க. யாரு கெட்டா? ஒருத்தரக் கொண்டாந்து நிறுத்துங்க, பாக்கறேன். விஷம்னு சொன்னா போதுமா? பொணம் எங்க?"

பிணம் இல்லை. வழக்கு விழுந்தது. பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. பக்கத்து ஊர் நகரசபை விருந்துக்குப் போன பெம்பரிடம் ஒருவர், "என்ன ஆல்டர்மன், உங்க ஊர்ல ஒருத்தனுக்குக்கூடக் கெட்டுப்போக வக்கில்லையாமே?" என்று கேட்டார். பெம்பர் சூப்பைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் முதல் கூட்டம் கூடியபோது அவர் அட்டைகளை மேஜைமேல் வைக்கவில்லை.

"மகா ஜனங்களே, இந்த வருஷம் நமக்குத் தேவை படம் இல்ல. ஆள். கெட்டுப்போன ஆள் ஒண்ணு. மொதல்ல நம்மகிட்டயே கேட்டுக்குவோம். இத்தன வருஷமா ஆயிரக்கணக்குல பாத்திருக்கோம். யாருக்காவது ஏதாவது...?"

மிஸ் லம்லி எழுந்தார்.

"நான் ஒவ்வொண்ணையும் நுணுக்கமாப் பாத்திருக்கேன். சிலதை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போய்ப் பாத்திருக்கேன், வெளிச்சம் அங்க நல்லா இருக்கும்னு. எனக்குள்ள ஒரு இழைகூட அசையல. அசையுதா, அசையுதான்னு ஒவ்வொரு வாரமும் காத்திருந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்." அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று நகரசபைச் செயலாளர் ஃபெல்கேட்டுக்குத் தோன்றியது. அதை அவர் குறிப்பில் எழுதவில்லை.

"அதான் விஷயம்," என்றார் பெம்பர். "படிப்பு, சொத்து, பரம்பரை, இதெல்லாம் அம்மை குத்தின மாதிரி. நமக்குக் குத்தியாச்சு. குத்தாதவங்கள்ல தேடணும்."

அப்படித் தேடியதில் அகப்பட்டவன்தான் க்ளெம் டக்வெல்.

க்ளெம் கடற்கரையில் நகரசபையின் மடக்கு நாற்காலிகளை வாடகைக்கு விடுகிறவன். காலையில் விரித்துப் போட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுத்து, சாயங்காலம் மடக்கி அடுக்குவான். நாற்பது தாண்டியவன், வாயில்லாப் பூச்சி. அந்த நாட்டில் எல்லோருமே எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற ஜாதிதான். நம் க்ளெம் அதிலும் ஒரு படி மேல். எவனாவது அவன் காலை மிதித்தால் மிதித்தவனுக்கு முன்னால் இவன் "மன்னிக்கணும்" என்பான். விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு அதனிடமும் சொல்லியிருக்கிறான். அவனும் பெண்டாட்டி ஐவியும் கேஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் நகரசபை கொடுத்த இரண்டறை வீட்டில் இருந்தார்கள். குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் செய்கிற ஆட்டுக்கறிக் கூழைத் தின்றுவிட்டு அடுப்படியில் இருவரும் கையைப் பிடித்தபடி தூங்குவார்கள். இதைவிடப் பெரிய சுகம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவன் கேள்விப்பட்டதில்லை, கேள்விப்பட்டிருந்தாலும் வேண்டாம் என்றிருப்பான்.

ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவன் ஜெஸப் கடை வாசலில் ஒரு அட்டையைப் பார்த்துச் சிரித்தான். அதைப் போலீஸ் சார்ஜெண்ட் பார்த்துவிட்டார். அட்டையில் ஒரு மகா பருத்த அம்மாள் மடக்கு நாற்காலியில் உட்கார, அது அப்பளமாக நொறுங்கியிருக்கிறது. பக்கத்தில் நாற்காலிக்காரன், "அம்மா, ஒரு நாற்காலிக்குத்தான் காசு குடுத்தீங்க!" என்கிறான். க்ளெம் சிரித்ததற்குக் காரணம், முந்தின வாரம் லீட்ஸிலிருந்து வந்த ஒரு அம்மாள் அவன் நாற்காலிக்கு அதையே செய்திருந்தாள் என்பதுதான்.

மறுநாள் ஃபெல்கேட் அவனை நகரசபைக் கட்டடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். அங்கே பெம்பரும் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆல்டர்மன் ஒருவர் க்ளெமுக்கு நாற்காலி காட்டினார். பழக்கதோஷத்தில் க்ளெம் அதை மடக்கப் போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"டக்வெல்லு, அந்த அட்டையப் பாத்துச் சிரிச்சியா?" என்று கேட்டார் பெம்பர்.

"சிரிச்சேங்க. மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் எதுக்குப்பா! நல்லதுதான் பண்ணியிருக்க. சரி, சிரிச்சதுக்கப்பறம் உள்ள எப்படி இருந்துச்சு?"

க்ளெம் யோசித்தான். "பசிச்சுதுங்க."

பெம்பர் ஃபெல்கேட்டை அர்த்தத்தோடு பார்த்தார். ஃபெல்கேட் 'பசி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

"இங்க பாரு," என்றார் பெம்பர், "நீ சீர்கெட்டுட்ட. உனக்கே தெரியாம நடந்துபோச்சு. அத நீ கோர்ட்ல வந்து சொல்லணும். ஒரே வார்த்த. ஊருக்கு நீ பண்ற சேவை."

"ஐயா, அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

பெம்பருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஃபெல்கேட் உதவிக்கு வந்தார். "லத்தீன்லேர்ந்து வந்ததுப்பா. கோணலாப் போறதுன்னு வச்சுக்க. இருக்க வேண்டியபடி இல்லாமப் போறது."

"நான் எப்படிங்க இருக்கணும்?"

"நாங்க சொன்னபடி," என்றார் பெம்பர். பிறகு சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு, "நாற்காலி வேலை நகரசபையோடது. நீ குடியிருக்கற வீடும் நகரசபையோடதுதான், இல்ல ஃபெல்கேட்?" என்று கேட்டார். ஃபெல்கேட் ஆமாம் என்றார். மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிற விஷயத்தைத்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து க்ளெம் சொன்னதும் ஐவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன்னக் கெட்டவன்னு நீயே சொல்லிக்கணுமாமா?"

"கெட்டவன்னு இல்ல புள்ள. வேற ஏதோ வார்த்த. இங்கிலீஷுதான், ஆனா நம்ம தெரு இங்கிலீஷ் இல்ல."

"நம்ம தெருவுல இல்லாத வார்த்தய நீ எதுக்குப் பேசற? நாக்கு சுட்டுக்கும்."

"மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அவரு எனக்கு நாற்காலி போட்டாரு."

ஐவி கரண்டியை மறுபடி எடுத்துக் கிளறினாள். பிறகு, "சொல்லித் தொலைச்சுட்டு வீட்டுக்கு வந்து சேரு. எனக்கு நீ வீட்டுக்கு வந்தாப் போதும்," என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். கடைசிவரை அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

ஜெஸப் மேல் மறுபடி போட்ட வழக்குக்கு முன்னால் குழு அவனை மூன்று புதன்கிழமைகள் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. பார்க்கக் கெட்டவன் மாதிரி இல்லையே என்பது குழுவின் பெரிய கவலை. சவரம் செய்யாதே என்றார்கள். ஐவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைக் கசக்கினார்கள். மிஸ் லம்லி அவனுக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகக் காட்டி, "இப்ப? இப்ப என்ன தோணுது? கூச்சப்படாமச் சொல்லு, எல்லாத்தையும் சொல்லு," என்று கேட்டார். க்ளெம் வியர்த்து, "நாற்காலியோட பின்னங்காலைத் தப்பா வரைஞ்சிருக்காங்க, மிஸ்," என்றான். அவர் ஏமாற்றத்தோடு அடுத்த அட்டையை எடுத்தார்.

வழக்கன்று நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. சின்ன வழக்குகளுக்கு ஊர்ப் பெரிய மனிதர்களே நீதிபதியாவது அந்த நாட்டு வழக்கம் என்பதால், நடுநாயகமாக ஒரு ஓய்வுபெற்ற கர்னல் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். க்ளெம் பைபிளின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். நகரசபை வக்கீல் கேட்க, கற்றுக் கொடுத்தபடி ஒப்பித்தான்: "ஆமாங்க. அந்த அட்டையப் பாத்தேன். பாத்ததுலேர்ந்து நான் சீர்கெட்டவன்."

லண்டன் வக்கீல் எழுந்தான்.

"மிஸ்டர் டக்வெல், அட்டையப் பாத்ததுக்கப்பறம் எங்க போனீங்க?"

"நாற்காலி அடுக்கப் போனேங்க."

"அப்பறம்?"

"வீட்டுக்கு. பட்டாணி உரிச்சுக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"பொண்டாட்டிக்கு."

கூட்டம் சிரித்தது. "அப்பறம் ஏதாவது கெட்ட காரியம்? நெனப்பு? கனா?"

"கனாவுல ஒரு தடவ மழை பேஞ்சுது. நாற்காலியெல்லாம் நனைஞ்சுபோச்சு."

கர்னல்கூட மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார். வழக்கு போனமாதிரிதான். வக்கீல் வெற்றியோடு, "ஆக, உங்களுக்கு ஒரு கெடுதலும் வரல. அப்படித்தானே?" என்று கேட்டான். க்ளெம் வாயைத் திறந்தான். அப்போது அவன் கண் பெம்பர் மேல் விழுந்தது. முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. ஒரு பெரிய மனிதருக்கு இவ்வளவு சங்கடம் தன்னால் வந்துவிட்டதே என்று க்ளெமுக்கு ஆகிவிட்டது. வாயில் எப்போதும் தயாராக இருக்கிறதுதான் வந்தது.

"மன்னிக்கணுங்க."

"என்ன சொன்ன?" என்றார் கர்னல்.

"மன்னிக்கணும் எசமான்."

"எதுக்காக?"

க்ளெம் சுற்றுமுற்றும் பார்த்தான். அத்தனை பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் முட்டியது. "எல்லாத்துக்கும்," என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒரு பெண் தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். 'எல்லாத்துக்கும்' என்றால் எதற்கெல்லாமோ என்று ஒவ்வொருவரும் அவரவர் மனசில் இருந்த சரக்கை எடுத்துப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். லண்டன் வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினான்.

அட்டைகளை நகரசபை முற்றத்தில் எரித்தார்கள். மிஸ் லம்லி ஒரு செட்டை மட்டும் ஆராய்ச்சிக்காக எடுத்து வைத்துக்கொண்டார். ஜெஸப் அபராதம் கட்டிவிட்டு, வாரம் முடிவதற்குள் புதுக் கட்டு வரவழைத்துக் கடையைத் திறந்தான். பெம்பர் படியில் நின்று பேசினார்: "நண்பர்களே! மார்ஸ்பியில ஒருத்தன் சீர்கெட்டிருக்கான்னு இன்னிக்கி நிரூபிச்சுட்டோம்! இதுக்காக எத்தன வருஷம் பாடுபட்டோம்!" எல்லோரும் கைதட்டினார்கள். க்ளெமும் தட்டினான்.

மறுநாள் காலையில் நாற்காலிக் கொட்டகைக்கு வேறு பூட்டு போட்டிருந்தது. க்ளெம் ஃபெல்கேட்டிடம் ஓடினான்.

"நீயே சொல்லேன் டக்வெல்லு," என்றார் ஃபெல்கேட், நிஜமாகவே வருத்தப்பட்டு. "சீர்கெட்டவன்னு கோர்ட்டே சொன்ன ஒரு ஆளை, பொம்பளைங்க உக்காந்து எந்திரிக்கற நாற்காலிகிட்ட விட முடியுமா?"

"ஆனா ஐயாதானே சொல்லச் சொன்னீங்க!"

"சொல்லத்தான் சொன்னோம். ஆகச் சொல்லலியே."

ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை முன்னிட்டு என்றார்கள். மளிகைக் கடைக்காரன் ஐவிக்கு மாவு நிறுத்துக் கொடுத்தான், ஆனால் கையில் தராமல் பலகைமேல் வைத்தான். அன்றைக்குத்தான் அவள் க்ளெமின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழுவின் முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லு," என்றாள். "உண்மையச் சொல்லிடு. முடிஞ்சுபோகட்டும்."

க்ளெம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு சொன்னான். "ஐயா, நான் கெட்டுப்போகலிங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க சொன்னதுக்காகச் சொன்னேன். அது பொய்யி."

மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. பெம்பர் மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"பைபிள் மேல கை வெச்சுப் பொய் சொன்னியா?"

"ஆமாங்க."

"எங்க முகத்தப் பாத்து, கண் கலங்கி?"

"அது தானா வந்துதுங்க."

"பாத்தீங்களா!" பெம்பர் குழுவின் பக்கம் திரும்பினார். "நான் இவனைச் சாதாரணமா நெனச்சுட்டேன். கடவுள் புஸ்தகத்து மேல கை வெச்சு, கூசாம, நீதிபதியையே ஏமாத்தியிருக்கான். இதுக்கு மேல ஒரு மனுஷன் கெட முடியுமா? ஒரே ஒரு அட்டை! ஒரே ஒரு அட்டை பண்ணின வேலை!"

"நீங்கதானய்யா சொல்லிக் குடுத்தீங்க!" என்று ஐவி கத்தினாள். "அவன் கெட்டவன்னா, கெட்டது அட்டையப் பாத்தா? இல்ல உங்களப் பாத்தா?"

மிஸ் லம்லி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாவம், தொத்திக்குது," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சட்டமும் இருந்தது, இல்லமும் இருந்தது. ஒழுக்கக் குறைபாடு உள்ளவர் என்று இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். ஒருவர் க்ளெமின் நாக்கைப் பார்த்தார். இன்னொருவர் அதையும் பார்க்கவில்லை. மேட்டுநிலத்துப் புதர்க்காட்டின் நடுவே, பஸ் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டிய இடத்தில் இருந்தது இல்லம். தலைமை மருத்துவர் டாக்டர் கேரவே. குரலை உயர்த்தாதவர், ரோஜா வளர்ப்பவர்.

"எப்பங்க வீட்டுக்குப் போலாம்?" என்று வந்த அன்றே க்ளெம் கேட்டான்.

"கொணமானதும்," என்றார் டாக்டர் அன்பாக.

குணமாகியதா என்று பார்க்கப் பருவத்துக்கு ஒரு முறை சோதனை. சோதனைக்கு அதே அட்டை. நகரசபையே ஒரு பிரதி அனுப்பி வைத்திருந்தது. முதல் தடவை க்ளெம் அட்டையைப் பார்த்ததும், பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல லேசாகச் சிரித்துவிட்டான். முன்னேற்றம் இல்லை என்றார்கள். அடுத்த தடவை பல்லைக் கடித்துச் சிரிக்காமல் இருந்தான். மறைக்கிறான், கள்ளம் கூடியிருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த தடவை அட்டையைப் பார்த்ததும் கடற்கரை ஞாபகம் வந்து அழுதான். அழுகிறான் என்றால் தான் செய்தது தெரிந்திருக்கிறது, தெரிந்தே செய்திருக்கிறான் என்றார்கள். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவே மாட்டேன் என்றான். "பாருங்க, பாக்காமலே அவனுக்குத் தெரியுது," என்று டாக்டர் கேரவே மாணவர்களுக்கு விளக்கினார்.

ஐவி ஒரு விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலைக்குப் போய், அங்கேயே மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை இல்லத்தில் பார்க்க விடுவார்கள். மழையோ பனியோ, அவள் ஒன்றைக்கூட விடவில்லை. கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக, எதிரும் புதிருமாகப் போட்டிருக்கும். தொடக்கூடாது. அவள் ஊர்க்கதை சொல்வாள், அவன் கேட்பான். முதல் வருஷம் அவன் நிறையக் கேள்வி கேட்டான். மூன்றாம் வருஷம் கேள்விகள் குறைந்தன. அதற்கப்புறம் அவன் அவளைப் பார்த்துப் பேசாமல், அவள் காலணியைப் பார்த்துப் பேசத் தொடங்கினான்.

"என்ன க்ளெம், என் மூஞ்சி மறந்துபோச்சா?"

"இல்ல புள்ள. பாக்காம இருக்கறது நல்லதுன்னு இங்க ஒரு வகுப்பு எடுக்கறாங்க."

ஐம்பதுகளின் கடைசியில் லண்டனில் சட்டங்களை மாற்றினார்கள். அட்டையை எரிக்கிற சட்டம், ஆளை இல்லத்தில் வைக்கிற சட்டம், எல்லாம் ஒரே வருஷத்தில். பிரபுக்கள் சபையில் ஒருவர், சீர்கெடுதல் என்பதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்று பேச, மற்ற பிரபுக்கள் அதை ஆமோதித்தார்கள். ஒழுக்கக் காவல் குழு ஒரு விருந்தோடு கலைந்தது. ஜெஸப் அட்டைகள் கடல்பாலம் நெடுகத் தொங்கின. நகரசபையே சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு கடை திறந்து அந்த அட்டைகளை விற்றது. பருத்த அம்மாளும் நொறுங்கின நாற்காலியும்தான் அந்தக் கோடையில் அதிகம் போனது.

ஐவி பெம்பர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவருக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுத்திருந்தது. நல்ல மனநிலையில் இருந்தார்.

"அந்த வார்த்தையெல்லாம் இப்ப யாரும்மா சொல்றா? காலம் மாறிப்போச்சு. நானே பேரனுக்கு ஒரு அட்டை அனுப்பினேன். அதே அட்டைதான். விழுந்து விழுந்து சிரிச்சான்."

"என் புருஷனும் சிரிக்கத்தாங்க செஞ்சான்."

"அது அப்ப," என்றார் பெம்பர். "அப்ப சிரிச்சது தப்பு. காலத்துக்கு முன்னால சிரிச்சுட்டான். ஆனா பழசெல்லாம் எதுக்கு? எனக்கு அவன் மேல ஒரு வருத்தமும் இல்ல. மனசார மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

ஐவி அவர் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆசை. அவள் செய்யவில்லை. விடுதலைக் காகிதத்தில் அவர் ஒரு வார்த்தை எழுத வேண்டியிருந்தது, அவர் எழுதிக் கொடுத்தார், அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஒரு பின்சந்தில் அறை பிடித்தாள். அடுப்பு இருந்தது, கட்டில் இருந்தது. க்ளெமின் கோட்டைப் பூச்சி அரித்திருந்தது. ஓட்டை தெரியாமல் தைத்தாள். முந்தின நாளே ஆட்டுக்கறி வாங்கி வைத்துவிட்டு, போக ஒரு டிக்கெட்டும் வர இரண்டு டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள்.

டாக்டர் கேரவே கைகுலுக்கினார். "வாழ்த்துக்கள் மிசஸ் டக்வெல். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. புதுச் சட்டப்படி பாத்தா எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல."

"அப்ப இத்தன வருஷம்?"

"அது பழைய சட்டப்படி," என்று விளக்கினார்.

க்ளெம் கூடத்தில் முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. ஐவி கோட்டை விரித்துப் பிடித்தாள்.

"எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

அவன் எழுந்திருக்கவில்லை. "நீ போ புள்ள," என்றான்.

"என்ன நீ போ? விட்டுட்டாங்க! டாக்டரே சொல்லிட்டாரு, உனக்கு ஒண்ணுமில்லன்னு!"

"அவரு நல்ல மனுஷன். நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றாரு." அவன் அவள் காலணியைப் பார்த்துப் பேசினான், பொறுமையாக, ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவனாக. "ஆல்டர்மன் சொன்னாரு. கோர்ட்டு சொல்லிச்சு. ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டாங்க. இத்தன படிச்சவங்களும் சேந்து தப்புப் பண்ணுவாங்களா?"

"சேந்துதான்டா பண்ணுவாங்க, முட்டாளே!"

"மொதல்ல நானும் நம்பல ஐவி. உள்ள தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. விடாமத் தேடச் சொன்னாங்க. தேடினேன். இப்ப இருக்கு. எங்க தொட்டாலும் இருக்கு. வெளில பஸ்ஸுல பொம்பளைங்க இருப்பாங்க, சின்னப் புள்ளைங்க இருக்கும். நான் எப்படி ஏறுவேன்?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவள் அழுததே இல்லை. அன்றைக்கு அழுதாள். தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

அவன் பதறிக் கையை இழுத்துக்கொண்டான். "தள்ளி உக்காரு புள்ள. உன்னையும் கெடுத்துடப் போறேன்."

"கெடு," என்றாள் அவள். "நல்லாக் கெடு."

நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தாள். அவன் தன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அவள் மறுபடி இழுத்தாள், அவன் மறுபடி நகர்ந்தான். நாற்காலிகளை வரிசை கலைக்கக் கூடாது என்று காவலாள் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை. இப்படியே போய் அவன் முதுகு சுவரில் முட்டியது. அதற்குமேல் போக இடமில்லை. அவள் முழங்கால் அவன் முழங்காலில் பட்டது. க்ளெம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மூச்சு அவள்மேல் பட்டுவிடாதபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.